சோப்புத் தண்ணீர்

எலுமிச்சைச் செடியில் புழு எடுக்கும்போது என் மனைவி புழுவைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறாள். இடது கை இலைக்கு அடியில் போய்த் தாங்கிக்கொள்ளும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கணம் சேர்ந்து பிரியும். பக்கத்தில் வைத்திருக்கும் பழைய பெயிண்ட் டப்பாவில் சொத்தென்று ஒரு சின்னச் சத்தம். டப்பாவில் சோப்புத் தண்ணீர். பாவு பிணைக்கும்போதும் அவள் கை இப்படித்தான் போகும். அச்சில் மிச்சம் நிற்கும் பழைய பாவின் இழை ஒன்று, புதுப் பாவின் இழை ஒன்று, சாம்பல் தொட்ட விரலில் ஒரு திருகு, அடுத்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள். ஒன்று தப்பினாலும் புடவை நெடுக கோடு விழும். எதையும் கசக்காமல் எடுக்க அந்த விரல்களுக்குத் தெரியும். புழுவைக்கூட அவள் கசக்குவதில்லை, முழுசாகத்தான் டப்பாவில் விழுகிறது. விழுந்ததும் ஒருமுறை சுருண்டு நீள்கிறது, அவ்வளவுதான். இதில் எது என்னை உறுத்துகிறது என்று மூன்று மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொலை என்று சொல்லிப் பார்த்தால் வார்த்தை பெரிதாக இருக்கிறது. பூச்சிதானே என்று விட்டுவிட்டால் ராத்திரி படுத்த பிறகு அந்தச் சொத் காதுக்குள் வருகிறது.

கண்ணமங்கலத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்துக்குப் பேர் தோட்டம். ஒரு செடிகூட இல்லாவிட்டாலும் தோட்டம்தான். கொல்லை என்றால் இந்தப் பக்கத்தில் ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டு நிலம், வேர்க்கடலை போடுகிற இடம். ‘தோட்டத்துப் பக்கம் போய்ட்டு வரேன்’ என்று எங்கள் பாட்டி எழுந்தால் அவள் பூப்பறிக்கப் போகவில்லை என்பது குழந்தைகளுக்கும் தெரியும். எங்கள் தோட்டம் பன்னிரண்டடி அகலம், முப்பதடி நீளம். ஒரு கிணறு, துவைக்கிற கல், உடைந்த படமரம் ஒன்று, மழையில் ஊறி உப்பிப்போன ஜாக்கார்டு அட்டைக் கட்டுகள். கல்யாணமாகி முப்பது வருஷம் அது அப்படியே கிடந்தது. குழித்தறியில் உட்காருகிறவன் நாள் முழுக்க முழங்கால்வரை மண்ணுக்குள்தான் இருக்கிறான். ஆனால் மண்ணைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் குழி ஓதம் காக்கும், பாவு தளர்ந்துவிடும் என்பதோடு சரி. ஆடி மாதம் எங்கள் தொழிலுக்கு மந்தம். முகூர்த்தம் கிடையாது, கல்யாணப் புடவை கேட்டு ஆள் வராது, ஆரணி சுற்றுவட்டாரமே படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய்க்கொண்டும் கூழ் ஊற்றிக்கொண்டும் இருக்கும். உழவனுக்கோ அதுதான் பட்டம். ஒரே மாதம் ஒருத்தனை விதைக்கச் சொல்கிறது, இன்னொருத்தனைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறது என்பது ஐம்பத்தைந்து வயதில்தான் எனக்கு உறைத்தது. 2021-ல் அரசு ஆரம்பித்த முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 12 வகை விதைகள் அடங்கிய பொட்டலத்தை 15 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அப்படி ஒன்றை என் மனைவி வாங்கிவந்து சாமி மாடத்தில் வைத்திருந்தாள். அடுத்த ஆடியில், செய்ய வேறு வேலை இல்லாத ஒரு காலையில், அதைப் பிரித்தோம்.

இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. கீரை விதையை மணலில் கலந்து விசிறித் தூவ வேண்டும் என்பதைப் பக்கத்துத் தெருக் கிழவி சொல்லும்வரை அறியாமல், நூல் பிடித்துக் கோடு போட்டு, அச்சுப் பல்லுக்கு இடைவெளி விடுகிற மாதிரி ஒவ்வொரு விதையாக எண்ணி வைத்தேன். மறுநாள் எறும்பு அதே கோட்டில் வரிசையாக எடுத்துக்கொண்டு போனது. அதற்கு வேலை சுலபமாகிவிட்டது. பீர்க்கனுக்குப் பந்தல் போடக் கயிறில்லை என்று அவள் அறுந்த விழுது நூலைத் திரித்துக் கட்டினாள். கொடி அதில் ஏறிய விதத்தைப் பார்க்க, தறியில் விழுது தூக்கும்போது இழைகள் மேலும் கீழும் பிரிவது நினைவுக்கு வந்தது. தறியில் நான் நெய்கிறவன், அவள் கூடமாட இருக்கிறவள். தார் சுற்றுவாள், பிணைப்பாள், அறுந்த இழையை எடுப்பாள், ஆனால் கூலிப் புத்தகத்தில் பேர் என்னுடையது. தோட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு முட்டாள்கள் ஒரு வெண்டைச் செடிக்கு முன்னால் குந்திக்கொண்டு இலை ஏன் மஞ்சளாகிறது என்று விவாதம் செய்தோம். நரம்பு மஞ்சளாகி நடுவே பச்சை திட்டுத் திட்டாக நின்றால் அது வெள்ளை ஈ பரப்புகிற தேமல் நோய், பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை என்பது மூன்று செடி போன பிறகுதான் தெரிந்தது. இதையெல்லாம் சிரித்துச் சொல்ல முடிகிறது. சொல்ல முடியாதது அந்த டப்பா.

கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு மூலை எதற்கும் மசியவில்லை. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். காய்ந்தால் வெள்ளையாகப் பூத்து, நடந்தால் பாதத்தில் மாவுபோல ஒட்டும். தண்டுக்கீரை நாலு இலை விட்டதும் வெளிறி நின்றுவிடும். கொஞ்சம் மண்ணைத் துணிப்பையில் கட்டி மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். களர் மண் என்று சீட்டு வந்தது. கார நிலை ஒன்பதைத் தொட்டிருந்தது. நாகநதி ஓரத்து ஊரில், கையில் அள்ளினால் மணல் மணலாக உதிர்கிற பூமியில், ஒரு வீட்டின் ஒரே ஒரு மூலை மட்டும் எப்படிக் களராகும்? எண்பது தாண்டிய அத்தைதான் விளக்கினாள்: ‘அங்கதான்டா உங்க தாத்தா நூல் அவிச்சாரு.’ பட்டுப்புழு நூலைக் கக்கும்போது இழையோடு ஒரு பசையும் சேர்ந்து வருகிறது. கூடு கெட்டியாக நிற்பது அந்தப் பசையால்தான், செரிசின் என்பார்கள். கோறாப் பட்டின் எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அது. சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையைக் கழற்றினால்தான் நூல் வழவழப்பாகும், சாயம் ஏறும். தாத்தா செப்பு அண்டாவில் அவித்துவிட்டு அந்தத் தண்ணீரை வருஷக்கணக்கில் மூலையில் ஊற்றியிருக்கிறார். சோடாவில் இருக்கும் சோடியம் மண் துகள்களின் கட்டை அவிழ்த்துவிடும், மண் களியாகி மூச்சடைத்துப்போகும். ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் விட்டு அலசி, தக்கைப்பூண்டு விதைத்துப் பூப்பதற்கு முன் மடக்கிவிடச் சொன்னார்கள். இரண்டு தரம் மடக்கினோம். இன்னும் வெள்ளை பூக்கத்தான் செய்கிறது. முதலில் இது எனக்கு ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது, வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எலுமிச்சைப் புழு வந்த பிறகு கதை வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. புழு எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வரவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, அண்டா அண்டாவாக, சோப்புத் தண்ணீரில் கரைந்து வந்து இந்த மண்ணில் இறங்கியிருக்கிறது.

எலுமிச்சை, நட்டு இரண்டாம் வருஷம் தளிர்விட்டபோது, இளம் இலைகளின் மேல் காக்கை எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தது. கழுவிவிடலாம் என்று தண்ணீரைத் தெளித்தேன். எச்சம் நகர்ந்தது. சின்னதில் எச்சம் மாதிரி இருப்பதும், வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறித் தலைக்குப் பின்னால் கண் மாதிரி இரண்டு புள்ளிகளோடு நிற்பதும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கறிவேப்பிலையிலும் இதன் பங்காளி ஒன்று உண்டு. வளர்ந்த புழுவை லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பிளவுபட்ட நாக்கு ஒன்றை நீட்டும். அழுகிய எலுமிச்சைத் தோல் நெடி அடிக்கும். பாம்பு என்று காட்டிக்கொள்கிறதாம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பதையெல்லாம் எடுத்துக் காட்டி மிரட்டுவதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு மரியாதையும் வந்தது. அவளுக்கு இரண்டும் வரவில்லை. ஒரு புழு ஒரு நாளில் எத்தனை இலை தின்கிறது என்று பார்த்துவிட்டு டப்பாவைக் கொண்டுவந்தாள். நான், ‘பாவம், ஒண்ணு ரெண்டாவது வுட்டு வைக்கலாமே’ என்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: ‘ஏங்க, இப்பதான் உங்களுக்குப் பாவம் தெரியுதா? பீரோவுல என் கூறப்பொடவ கீதே, அதுல எத்தினின்னு என்னிக்காவது எண்ணிப் பாத்தீங்களா?’ கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கத்தரிக்காய் எண்ணுகிற குரலில் கேட்டாள்.

எண்ணிப் பார்த்தேன். நல்ல கூடு ஒன்று ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம் இருக்கும். ஒரு கிலோ நூலுக்கு ஆறு, ஏழு கிலோ கூடு வேண்டும். ஆக ஒரு கிலோ நூலுக்கு நாலாயிரம் கூடு சுமாராக. ஜரிகையைக் கழித்துப் புடவைக்கு அரைக் கிலோ நூல் என்று வைத்தால் இரண்டாயிரம். நான் தறியில் உட்கார்ந்த வருஷங்கள் பதினெட்டு. மாதத்துக்கு மூன்று புடவை, ஆடி மந்தம், காய்ச்சல், சாவு, பாவு கிடைக்காத நாள் எல்லாம் போக வருஷத்துக்கு முப்பது என்றால் மொத்தம் ஐந்நூற்று நாற்பது. பத்து லட்சத்துக்கு மேல் போகிறது. காகிதத்தில் எழுதிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் விசித்திரம். பத்து லட்சம் என்கிற எண்ணில் எந்தச் சத்தமும் இல்லை. டப்பாவில் விழும் ஒன்றுக்கு இருக்கிறது.

ஒருமுறை ராமநகரத்துக்குப் போயிருக்கிறேன், பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவில். ஆசியாவிலேயே பெரிய கூட்டுச் சந்தை என்பார்கள். இரும்புத் தட்டுகளில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூடு குவித்திருக்கும். கையால் அள்ளிக் காதருகில் வைத்துக் குலுக்கினால் உள்ளே புழு கூட்டுப்புழுவாகி உருள்வது கேட்கும். வியாபாரிகள் அப்படிக் குலுக்கித்தான் தரம் பார்க்கிறார்கள். அங்கிருந்து ஒரு நூற்பு ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொதிக்கும் தொட்டி, ஆவி, வேகவைத்த ஏதோ மாமிசத்துக்கும் ஈரத் துணிக்கும் நடுவிலான ஒரு வாசனை. அந்தக் கூட்டுப்புழுதான் அது. இழை உருவிய பிறகு அடியில் தங்குவதை மீனுக்கும் கோழிக்கும் தீவனமாக எடுத்துப் போகிறார்கள். ஒரு பெண் வெந்நீருக்குள் விரலை விட்டு இழையின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள். கண் வேறெங்கோ இருந்தது. விரல் நுனிகள் வெளுத்து, சுருங்கி, தோல் உரிந்திருந்தன. நான் பார்த்தது புழுவையா, அந்த விரலையா என்று இப்போது யோசித்தால், உண்மையில் இரண்டையும் பார்க்கவில்லை. நூலின் சன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நூல், முடிச்சு குறைவு, அதில் நெய்தால் பாவு அறாது என்று நினைத்தேன்.

இதை எழுதும்போது இன்னொன்றும் சேர்ந்து வருகிறது, சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. கர்நாடகத்தின் கொதிதொட்டிகளும் காஞ்சிபுரத்துத் தறிகளும் அதில் இருந்தன. அது வந்த நேரத்தில் ஊரில் எல்லோரும் கோபப்பட்டோம். வெளிநாட்டுக்காரனுக்கு நம் தொழிலைப் பற்றி என்ன தெரியும் என்றோம். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒண்ணுபுரத்துப் பெண். ஒன்பது வயதில் கோர்வைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தவள். கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. கரைப் பக்கத்து நாடாவை வாங்கித் தள்ளுவதற்கு ஒரு சின்னக் கை வேண்டும். அந்த வேலைக்குப் பெரிய ஆளை வைத்தால் கூலி கட்டாது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. இத்தனை வருஷத்தில் அதை அவள் ஒரு குறையாக என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எலுமிச்சைப் புழுவுக்காகக் கரைகிற என் மனசு, பத்து லட்சம் கூட்டைத் தாண்டி, வெந்நீரில் விரல் விட்ட பெண்ணைத் தாண்டி, குழிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பிள்ளையைத் தாண்டி, நேராக அந்த இலைக்குப் போயிருக்கிறது. இடையில் எங்கும் நிற்கவில்லை. அவளும் அதைக் கவனித்திருப்பாள். கூறைப்புடவை என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள்.

பயிர் வாடியதற்காக வள்ளலார் வாடினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பயிரைத் தின்று வாடவைத்த புழுவுக்கு அவர் என்ன சொன்னார் என்று வாத்தியாரிடம் கேட்கத் தோன்றவில்லை. இதைச் சரியாக யோசித்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். போளூருக்குப் போகும் வழியில் திருமலை இருக்கிறது. குந்தவை பேரில் ஜினாலயம் உள்ள குன்று. ஆரணியிலும் வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலும் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக ஏர் உழுகிறவர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிற, விளக்கில் பூச்சி விழுமே என்று பயப்படுகிற ஒருவர், காலையில் கலப்பையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறார். கொழு போகிற வழியில் எத்தனை மண்புழு? அவர்களுடைய நூல்கள் இல்லறத்தான் செய்யும் இம்சையை நாலாகப் பிரிக்கின்றன. வேண்டுமென்றே செய்வது சங்கல்பம். சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பம். பிழைப்பில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். துறவிக்கு நாலும் ஆகாது. இல்லறத்தான் முதலாவதையாவது அறவே விட வேண்டும், மற்றதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கேட்டபோது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. பிறகு எங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். என் பத்து லட்சம் உத்தியோகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதிலும் அவித்தவன் நானில்லை, நெய்தவன். அவளுடைய விரலோ, கண்ணால் பார்த்து, இது புழு என்று தெரிந்து, டப்பாவில் போடுகிறது. கணக்கு எனக்குச் சாதகமாக இருந்தது, அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. என்னைச் சுத்தமாக்கி அவளை அழுக்காக்குகிற ஒரு தராசில் எங்கோ கல் இடிக்கிறது. அப்படிப் பார்த்தால் அவளும் தன் உத்தியோகத்தைத்தான் செய்கிறாள் என்று வாதாடலாம். இலை போனால் செடி போகும். ஆனால் எங்கள் வீட்டுக்கு அந்த எலுமிச்சை பிழைப்பில்லை. நாலு பழம் கடையில் பத்து ரூபாய்க்கோ இருபது ரூபாய்க்கோ கிடைக்கிறது.

காஞ்சிப் பெரியவர் பட்டு கட்டாதீர்கள் என்று பல காலம் சொல்லிவந்தார், பட்டுக்குப் பேர்போன அந்த ஊரிலேயே இருந்துகொண்டு. 1990-களின் தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் வெங்கட்ராமனின் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டு கிடைக்குமா என்று கேட்டதிலிருந்துதான் ஐதராபாத்தில் கைத்தறித் துறையில் வேலை பார்த்த குசுமா ராஜய்யா அந்த முயற்சியில் இறங்கினார். அகிம்சைப் பட்டு என்று பேர். கூட்டைத் துளைத்து அந்துப்பூச்சி வெளியேறும்வரை காத்திருப்பார்கள். துளைத்த கூட்டில் இழை அறுந்திருக்கும், நீளமாக உருவ முடியாது, பஞ்சுபோல நூற்க வேண்டும். பளபளப்பு கம்மி, விலை கூடுதல். ஆரணியில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி அந்தத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘இது பட்டு இல்ல, பட்டோட மனசாட்சி’ என்றார். நல்ல வாக்கியம்தான். ஆனால் எனக்கு நெருடியது வேறு. வெளியே வரும் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது. ஆயிரக்கணக்கான வருஷம் மனுஷன் கையில் வளர்ந்து சிறகு பேருக்கு ஆகிவிட்டது. வாய் இருந்தும் தின்னாது. இணைசேர்ந்து, முந்நூறு நானூறு முட்டை இட்டு, சில நாளில் செத்துப்போகும். அந்த முட்டைகள் எல்லாம் பொரித்தால் அத்தனைக்கும் மல்பெரி யார் போடுவது? கொல்லாமல் விட்டாலும் அது நம் கையில்தான் வந்து நிற்கிறது. எலுமிச்சைப் புழு அப்படியில்லை. அதற்கு நாம் வேண்டாம், செடி போதும். ஒருவேளை எனக்கு உறுத்துவது அதுதானோ என்றும் யோசித்தேன். நம்மால் பிழைப்பதை நாம் கொல்லலாம், தன்னால் பிழைப்பதைக் கொல்லக் கூடாது என்று உள்ளுக்குள் ஏதோ ஒரு முறை வைத்திருக்கிறேனா? அப்படி என்றால் அது அசிங்கமான முறை. எழுதிப் பார்த்தால்தான் அசிங்கம் தெரிகிறது.

டப்பா இல்லாமல் வேறு வழியும் தேடினோம். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. மறுபடி சோப்பு. விரலுக்கு வேலை இல்லை, சத்தம் இல்லை. நானே தெளித்தேன், மனசு லேசாக இருந்தது. வேப்பெண்ணெய் உடனே கொல்வதில்லை. புழுவைத் தின்னவிடாமல் செய்யும், தோல் உரிக்கவிடாமல் செய்யும். நாலாம் நாள் பார்த்தால் பாதித் தோல் உரிந்து மீதியில் சிக்கிக்கொண்ட புழு ஒன்று இலை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, உயிரோடு. அவள் வந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் அதை எடுத்து டப்பாவில் போட்டாள். அதற்குப் பிறகு நான் வேப்பெண்ணெய் கலக்கவில்லை. பப்பாளியில் மாவுப்பூச்சி வந்தபோதும் இப்படித்தான் ஒரு யோசனை. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் கண்ட பூச்சி அது. பப்பாளியோடு மரவள்ளி, மல்பெரி என்று ஏறி, பட்டுப்புழு வளர்க்கிறவர்களைக் கதறவைத்தது. மல்பெரிக்கு மருந்து அடிக்க முடியாது. அந்த இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். பூச்சி அடங்கியது, மல்பெரி தப்பியது, புழு தப்பியது, தப்பித்து நல்லபடியாகக் கூடு கட்டி வெந்நீருக்குப் போனது. அந்த வருஷத்து நூலில் நானும் நெய்திருக்கலாம். குளவி இன்னும் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் பப்பாளியில் வெள்ளை தானாகவே குறைந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

போன கார்த்திகையில் ஒரு புழு மட்டும் மிச்சமானது. அவள் விட்டுவைத்தாளா, கண்ணில் படவில்லையா என்று நான் கேட்கவில்லை. எதையும் தவறவிடாத விரல் அது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. மதில் ஓரம், களர் மூலைக்கு மேலே சாய்ந்திருக்கும் கிளையில் அது கூட்டுப்புழுவானது. பட்டுப்புழு மாதிரி உடம்பைச் சுற்றி வீடு கட்டுவதில்லை இது. வால்பக்கம் கிளையில் ஒரு சின்னப் பட்டுத் திண்டு, இடுப்பைச் சுற்றி ஒரே ஓர் இழை. சாய்ந்து தொங்குகிறது, குழித்தறியில் குனிந்து உட்கார்ந்தவன் மாதிரி. அந்த ஓர் இழையும் பட்டுதான். தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்த்தேன். அவளும் வருவாள், தார் சுற்றுவதற்கு முன்னால். நிறம் பச்சையிலிருந்து பழுப்பானது. பத்து நாள் என்று சொன்னார்கள். பத்து நாள் போனது, பதினைந்தும் போனது. ஒரு காலை அவள்தான் கூப்பிட்டாள். கூட்டின் பக்கவாட்டில் குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை, ஓரமெல்லாம் சுத்தமாக, ஊசியால் குத்தின மாதிரி. விரலால் தொட்டதும் வெறும் சருகாக நொறுங்கி, களர் மண்ணின் வெள்ளையில் விழுந்தது. ‘குளவி பூந்திருக்கும்’ என்றேன். இழை மட்டும் கிளையில் நின்றது, நடுவில் ஒன்றுமில்லாமல், வளைவு கலையாமல். அவள் அதைச் சுண்டுவிரல் நகத்தால் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

‘முறுக்கே இல்ல’ என்றாள்.